மீண்டும் கடிக்கும் சொல்

ஆங்கில அகராதிகளில் வழக்கொழிந்த சொல் என்ற குறிப்போடு ஒதுங்கிக் கிடக்கும் ஒரு சொல் உண்டு: 'இன்விட்'. 'உள்' என்பதும் 'அறிவு' என்பதும் இணைந்து உருவான சொல். உள்ளறிவு என்று அதைத் தமிழாக்கலாம். இன்று இதைக் கேட்டால் ஆங்கிலேயர் பலரும் விழிப்பர். ஆயினும் ஒரு காலத்தில் மனச்சான்றுக்கு அவர்களிடம் வழங்கிய பெயர்களுள் இதுவும் ஒன்று. இச்சொல் நடந்துவந்த பாதையைப் பின்தொடர்ந்தால், நம் உள்ளத்தை விசாரணைக்கு இழுக்கும் கேள்வி ஒன்று எதிர்ப்படுகிறது.

13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தனிக்குடிலில் அடைபட்டுத் தவவாழ்வு நடத்திய பெண்களுக்காக இங்கிலாந்தில் ஒரு வழிகாட்டி நூல் எழுதப்பட்டது. 'கான்ஷியன்ஸ்' என்பது அப்போது புதிதாக வந்திறங்கிய சொல். நூலாசிரியர் அதை எழுதிவிட்டு, இன்விட் என்பதே அதன் பொருள் என்று விளக்கம் தருகிறார். புதியதைப் புரியவைக்கப் பழையது துணை நின்றது. பின்னர் நடந்ததோ வேறு. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்பார்களே, அப்படிப் புதுச்சொல் வீட்டுக்குரியதாயிற்று. இன்று பழைய சொல்லுக்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது.

அது மறைவதற்கு முன் அருமையான பணி ஒன்றைச் செய்தது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் விதித்ததைத் தொடர்ந்து, ஆன்ம சோதனைக்கு உதவும் நூல்கள் பெருகின. அவற்றுள் ஒன்று, பிரெஞ்சு மன்னர் மூன்றாம் பிலிப்புக்காகத் தொமினிக்கன் துறவி லோரான் 1279-இல் எழுதியது. கான்டர்பரியில் இருந்த புனித அகுஸ்தீனார் மடத்தின் துறவி மைக்கேல் அதை 1340-இல் தம் வட்டார மொழியாகிய கெண்ட் நாட்டு ஆங்கிலத்தில் பெயர்த்தார். 'அயென்பைட் ஆஃப் இன்விட்' என்பது அந்நூலின் பெயர். வருத்தத்தைக் குறிக்கும் 'ரிமோர்ஸ்' என்ற சொல்லின் இலத்தீன் வேரில் 'மீண்டும்', 'கடித்தல்' என்ற இரு பொருள்கள் உண்டு. அவர் அதை உடைத்து, உள்ளறிவு மீண்டும் கடிப்பது என்று நாட்டுச் சொற்களாலேயே தலைப்பிட்டார். அவரது பெயர்ப்பில் பிழைகள் மலிந்துள்ளன என்பர் அறிஞர். ஆனால், தந்தைக்கும் தாய்க்கும் உறவினர்க்கும் பாவத்திலிருந்து விலக உதவும் பொருட்டே எழுதினதாக அவரே குறித்திருக்கிறார். எளியவனும் தன் பாவத்தைக் கண்டு மனம் மாற வேண்டும் என்பதற்காகவே அச்சொல் தேடப்பட்டது.

பின் நெடுங்காலம் அந்நூல் கையெழுத்துப் படியாகவே உறங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் அச்சேறிற்று. 1866-இல் ரிச்சர்ட் மோரிஸ் வெளியிட்ட பதிப்பு குறிப்பிடத்தக்கது. அதன்பின் அச்சொல் மீண்டும் தலைகாட்டிய பெரிய இடம், 1922-இல் ஜேம்ஸ் ஜாய்ஸ் வெளியிட்ட 'யுலிசிஸ்' நாவல். அதில் வரும் இளைஞன் ஸ்டீபன், மரணப் படுக்கையிலிருந்த தாய் கேட்டும் முழந்தாளிட்டுச் செபிக்க மறுத்தவன். அந்நினைவு அவனைக் கடிக்கும்போதெல்லாம் 'அகென்பைட் ஆஃப் இன்விட்' என்று முணுமுணுக்கிறான்.

அந்நாவலில் எம்மை நிறுத்திவைத்த இடம் ஒன்று. டப்ளின் தெருவில், பழைய புத்தகக் கடையருகே, ஸ்டீபன் தன் தங்கையைக் காண்கிறான். வீட்டில் பட்டினி, அவனுடைய நூல்களிலேயே சில வறுமையால் கைமாறிவிட்டன. அச்சிறுமியோ ஒரு பென்னி கொடுத்து அட்டை கிழிந்த பிரெஞ்சுப் பாடநூல் ஒன்றை வாங்கியிருக்கிறாள். இவள் மூழ்குகிறாள் என்று அவன் உள்ளம் பதறுகிறது. அந்தப் பழஞ்சொல் நாவில் எழுகிறது. அன்று காலைதான் அவன் சம்பளம் வாங்கியவன். ஆயினும் அவளுக்கென அவன் கை பைக்குள் போகவில்லை.

கேள்வி இதுதான்: வருத்தத்துக்கு அழகிய பெயர் சூட்டிவிட்டால் மனம் மாறிவிட்டதாகுமா? பாமரர் மனம் மாறுவதற்காகத் துறவி தேடிய சொல், கற்றவனுக்குத் தன் வேதனையைச் சாய்த்துவைக்கும் தலையணையாகிவிட்டது. குறை சொல்லில் இல்லை. மனச்சான்று ஓர் ஆற்றல் அன்று, ஒரு செயல்; நாம் அறிந்ததை நாம் செய்வதோடு பொருத்திப் பார்க்கும் செயல் என்கிறார் புனித தோமா அக்குவினார். அது சாட்சி சொல்லும், தூண்டும், குற்றம் சாட்டும் என்றும் காட்டுகிறார். ஸ்டீபனின் மனச்சான்று சாட்சி சொன்னது, குற்றமும் சாட்டியது. தூண்டியதற்கு அவன்தான் செவிகொடுக்கவில்லை.

நம் வழக்கிலும் இத்தகைய சொல் உண்டு. நம் பாட்டிமார் 'உத்தம மனஸ்தாப மந்திரம்' சொல்லி வளர்ந்தவர்கள். தாபம் என்றால் வெப்பம். பாவத்தை எண்ணி மனம் வேகுவதே மனஸ்தாபம். இன்று ஊரில் அச்சொல்லுக்கு இருவரிடையே உள்ள பிணக்கு என்றே பொருள். நாமும் 'மனத்துயர்' என்று மாற்றிக்கொண்டோம். மாற்றியதில் தவறில்லை, வெப்பம் எங்கே போயிற்று என்று கேட்கத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், எம் பங்கின் கோயில்பிள்ளை ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக எம்மிடம் உதவி கேட்டார். திருவிழாக் கணக்கு முடியட்டும் என்றோம். கணக்கு முடிந்தபோது சேர்க்கை நாள் கடந்திருந்தது. பெண் மில் வேலைக்குப் போனாள். அடுத்த தவக்காலத்தில் மனச்சான்றைப் பற்றி மறையுரை ஆற்றினோம். பலர் பாராட்டினர். பீடத்தில் திரிகளை அணைத்துக்கொண்டிருந்த அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை அவர் வீட்டுக்கு நடந்தோம். மறு ஆண்டு அப்பெண் கல்லூரியில் சேர்ந்தாள். இழந்த ஓராண்டை எம்மால் திருப்பித் தர இயலவில்லை.

சக்கேயு தம் வருத்தத்துக்குப் பெயர் தேடவில்லை. உடைமையில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு என்று கணக்குப் போட்டார். அடுத்த முறை ஒப்புரவு அருள்சாதனத்துக்குச் செல்லுமுன், என்ன சொல்வது என்று எண்ணுவதோடு, யாருக்கு என்ன திருப்பித் தரவேண்டியுள்ளது என்றும் எண்ணிப் பார்ப்போம்.