உயர்ந்த மாடியும் அண்டை வீட்டார் உரிமையும்

 

ஹழ்ரத் ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் இவற்றைப் பற்றிக் கேட்ட சம்பவத்தை மதரஸாவில் ஓதிய எவரும் மறந்திருக்க மாட்டார். அதன் முடிவில் கியாமத்தின் அடையாளம் ஒன்று கூறப்படுகிறது. காலுக்குச் செருப்பும் இல்லாதிருந்த ஆட்டிடையர்கள், கட்டடங்களை உயர்த்துவதில் ஒருவரோடொருவர் போட்டியிடுவார்கள் என்பதே அது. இதைப் படித்தவுடன் நம்மில் பலர் துபாயில் 2010-ல் திறக்கப்பட்ட 828 மீட்டர் கோபுரத்தைச் சுட்டிக் காட்டிவிட்டு, நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்துவிடுகிறோம். அவ்வளவு தூரம் போவானேன்? நம் சிங்கப்பூரைப் பார்ப்போம்.

நம் முன்னோர் கப்பலிலிருந்து இறங்கிய தெலுக் ஆயர் ஸ்திரீட் அன்று கடற்கரை. 1827-ல் அங்கே ஓலைக் குடிசையாக எழுந்த பள்ளியைக் குச்சுப் பள்ளி என்றே அழைத்தார்கள். அதுதான் இன்றைய அல்-அப்ரார் பள்ளிவாசல். அதே தெருவில் நாகூர் தர்கா 1830-க்குள் எழுந்தது. சவுத் பிரிட்ஜ் ரோட்டின் ஜாமிஆ சூலியா பள்ளி 1826-ல் ஸ்தாபிக்கப்பட்டது. அன்று கடலில் வருவோர் கண்ணில் தர்காவின் மினாராக்கள் பட்டன. பின்னர் கடலை மண் போட்டுத் தூர்த்தார்கள். அந்த மண்ணின்மேல் வங்கிகளும் கம்பெனிகளும் வானளாவ எழுந்தன. மினாரா இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் இப்போது கிட்டே போக வேண்டும்.

மார்க்கெட் ஸ்திரீட்டின் கதை இன்னும் விசேஷமானது. செட்டியார்களின் கிட்டங்கிகளும் நம்மவர் கடைகளும் நிறைந்திருந்த அத்தெருவில், ஒரு கடைவீட்டில் இருந்தது மௌலானா முஹம்மது அலி பள்ளி. தெரு இடிபட்டது. பள்ளி இடம் மாறி, இன்று யூஓபி பிளாசாவின் நிலத்தடித் தளத்தில் இருக்கிறது. அதற்கு மேலே நிற்கும் கட்டடத்துக்கு 66 மாடி, 280 மீட்டர் உயரம். பக்கத்தில் ராபிள்ஸ் பிளேசைச் சுற்றி இன்னும் இரண்டு கட்டடங்கள், அவையும் 280 மீட்டர்தான்! மூவரும் திருப்தியடைந்து அந்த அளவில் நின்றார்கள் என்று எண்ண வேண்டாம். ஆகாய விமானங்களுக்கு வழி வேண்டும் என்ற விதி அவர்களை அங்கே நிறுத்தியது. விதி இடங்கொடுத்த தஞ்சோங் பகாரில் 2016-ல் 290 மீட்டரில் ஒன்று எழுந்துவிட்டது. அந்தத் தஞ்சோங் பகார்தான் கடையநல்லூர் மக்கள் குடும்பங்குடும்பமாக வாழ்ந்த பேட்டை. நம் பிள்ளைகளுக்கென்று 1946-ல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி அங்கேதான் இருந்தது. மக்கள் புதுப் பேட்டைகளுக்குக் கலைந்து போனார்கள். பள்ளிக்கூடமும் 1982-ல் மூடப்பட்டது.

கட்டடம் உயர்ந்ததே குற்றமா? அல்ல. நான் ஆலிம் அல்லன், மளிகைக் கடைக்காரன். ஆயினும் அந்த ஹதீஸில் என் புத்திக்குப் படுவது, குறை உயரத்தில் இல்லை, போட்டியில் இருக்கிறது என்பதே. 1961-ல் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்கு மாடி கட்டித்தான் அவர்களுக்குக் கூரை கொடுத்தது. ஏழைக்குக் கூரையாகும் உயரத்தை யார் குறை சொல்லுவார்? நம் ஈசூனையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரும் அன்னாசியும் பயிரிட்ட லிம் நீ சூன் அவர்களின் பெயர் சீன உச்சரிப்பு மாறி ஈசூன் ஆயிற்று. அந்தத் தோட்டக்காட்டில் இன்று லட்சக்கணக்கானோர் குடியிருக்கிறோம். பேட்டை மாறிய மக்களுக்குப் பள்ளிவாசல் வேண்டுமென்று 1975-ல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியது. தொழிலாளர் சம்பளத்தில் மாதம் 50 காசு பிடித்துத் தோ பாயோவில் 1977-ல் முதல் பள்ளியைத் திறந்தார்கள். அதற்கு முஹாஜிரீன் என்று பெயரிட்டவர் யாரோ, அவர் மனம் அறிந்தவர். வீடு விட்டு வந்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

ஆனால் மதீனா சென்ற முஹாஜிர்களுக்கு அன்ஸாரிகள் இருந்தார்கள். புளோக்கில் நமக்கு அன்ஸாரி யார்?

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) திரும்பத் திரும்ப வலியுறுத்தியதில், சொத்திலும் பங்கு கொடுக்கச் சொல்வார்களோ என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணும்படி ஆயிற்று என்பது நாம் அறிந்ததே. நாற்பது வீடு வரை அண்டை வீடு என்று ஓர் அறிவிப்பும் உண்டு; அதன் பலத்தைப் பற்றி ஆலிம்களிடையே பேச்சு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் அந்த நாற்பதை நாலு திசையில் எண்ணினார்கள். பன்னிரண்டு மாடி புளோக்கில் எப்படி எண்ணுவது? மேலும் கீழும் எண்ணத்தான் வேண்டும். நம் தலைக்கு மேல் நடப்பவர், நம் தரைக்குக் கீழே உறங்குபவர், இவர்களைவிட நெருங்கியவர் யார்? நாம் அம்மி இடித்தால் கீழ்வீட்டு நோயாளிக்குத் தூக்கம் கெடுகிறது. மேல்வீட்டில் ஈரத் துணி உலர்த்தினால் நம் துணியில் சொட்டுகிறது. ஹக்கு என்பது இவ்வளவு சிறிய காரியங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அவர் நம் மார்க்கத்தவரல்லவே என்பாரும் உளர். 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் இன்ன இனத்தார் இத்தனை விகிதத்துக்கு மேல் கூடாது என்று அரசாங்கம் விதித்திருப்பதால், நம் அண்டை வீட்டார் பெரும்பாலும் சீனராகவே இருப்பர். ஆடு அறுத்தபோது நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) கேட்டார்களே, அந்தக் கேள்விக்கு நம் வீட்டில் என்ன பதில்?

இனிக் கடைக்காரருக்கு வருகிறேன். நம்மில் சிலருக்குச் சொந்தக் கடை உண்டு, பலர் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்தில் பெரிய வணிக வளாகம் வருகிறதென்றால் வாடகை ஏறுகிறது. இருபது வருஷம் பக்கத்துக் கடையில் இருந்தவரிடம் ஒரு வார்த்தையும் கேளாமல், எவரோ கூடக் கொடுக்கிறார் என்று விற்றுவிடுகிறோம். புகாரி ஷரீபில் வரும் ஒரு வியாபாரத்தைக் கேளுங்கள். அபூ ராபிஉ (ரலி) அவர்களுக்கு, ஸஅத் (ரலி) அவர்களின் வளவில் இரண்டு வீடு இருந்தது. அவற்றை வாங்கிக்கொள்ளும்படி ஸஅதிடமே போய்க் கேட்டார்கள். ஸஅத் அவர்களோ நாலாயிரத்துக்கு மேல் தரமுடியாது, அதுவும் தவணையில்தான் என்றார்கள். வெளியார் 500 தீனார் ரொக்கம் தருவதாக இருந்தது; அன்றைய மாற்றில் அது ஐயாயிரம் திர்ஹத்துக்குக் குறையாது. அண்டையில் இருப்பவருக்கே முந்திய உரிமை என்று நாயகம் (ஸல்) சொல்லக் கேட்டிருந்ததால், அபூ ராபிஉ (ரலி) குறைந்த விலைக்கு, தவணைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஷுஃப்ஆ எனும் இந்த உரிமை ஹனபி மத்ஹபில் அண்டைச் சொத்துக்காரருக்கும் உண்டு, ஷாபி மத்ஹபில் பங்காளிக்கு மட்டுமே. வாடகைக்கு இருப்பவர் இரண்டிலும் அடங்கமாட்டார். நாட்டுச் சட்டமும் நம்மிடம் இதைக் கேட்கப் போவதில்லை. அப்படியானால் கேட்காமலே விடலாமா? ஒப்பந்தம் முடிய ஆறு மாதமிருக்க, நான் விற்கப் போகிறேன், உமக்கு இயலுமா என்று கேட்க ஒரு காசு செலவில்லை. ஸிராங்கூன் ரோட்டிலும் டன்லப் ஸ்திரீட்டிலும் கடைவீடு வைத்திருக்கும் சகோதரர்கள், அடுத்த முறை தரகர் டெலிபோன் செய்யும்போது அவருக்கு உடனே பதில் சொல்லாமல், முதலில் பக்கத்துக் கடைக்குள் போய்ச் சலாம் சொல்லி உட்காருவார்களாக. வஸ்ஸலாம்.