பாட்டு என்கிற கைமாற்று

ஆங்கில எழுத்துப் பாட்டைப் பாடும் எல்.கே.ஜி. குழந்தையைக் கவனித்திருக்கிறீர்களா? நடுவில் மெட்டு திடீரென்று வேகம் பிடிக்கும். எல், எம், என், ஓ, பி ஐந்தும் ‘எலமெனோபி’ என்று ஒரே எழுத்தாக ஓடிவிடும். முழுப் பாட்டையும் பாடியாயிற்று. அம்மாவும் கைதட்டியாயிற்று. ஐந்து எழுத்து காணாமல் போனது யாருக்கும் தெரியாது!

அதற்காகப் பள்ளியில் பாட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பேசும்போது திக்குகிற பிள்ளைகள் பலர், பாடும்போது திக்குவதில்லை. எழுந்து நின்று பதில் சொல்ல நடுங்கும் கடைசி பெஞ்ச் பையன், கூட்டத்தோடு சேர்ந்து பாடிவிடுவான். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளை, பாடத்தை வாயிலேயே வீட்டுக்கு எடுத்துப் போகும். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் ஆத்திசூடி, நிகண்டு, எண்சுவடி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லவைத்துத்தானே மனதில் ஏற்றின?

ஆனால், பாட்டு கதவைத் தட்டி அனுமதி கேட்டு வருவதில்லை. ‘ஏன்?’ என்று கேட்கத் தெரிவதற்குள் குடியேறிவிடும். அப்புறம் அறுபது வயதானாலும் காலி பண்ணாது!

அவ்வையின் ஆத்திசூடி, கோபத்தைத் தணித்துக்கொள்ளச் சொல்கிறது. அதே அகர வரிசையில் பாரதி எழுதிய புதிய ஆத்திசூடியோ, கோபப்படவும் கற்றுக்கொள்ளச் சொல்கிறது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை இரண்டையும் ஒரே மெட்டில் சந்தோஷமாகப் பாடும். எப்போது அடங்கணும், எப்போது பொங்கணும்? மெட்டுக்கு அது தெரியாது. ஏழாம் வாய்ப்பாட்டையும் ஏற்றும். பக்கத்துத் தெருக்காரன் மேல் வெறுப்பையும் அதே இனிமையோடு ஏற்றும். ஹிட்லரின் ஜெர்மனியிலும் பிள்ளைகளுக்குப் பாட்டு நிறையவே சொல்லிக்கொடுத்தார்கள்.

அப்படியானால், ஒரு குழந்தையின் வாயில் பாட்டைப் போட நமக்கு என்ன உரிமை?

எனக்குத் தோன்றுவது இதுதான். பாட்டு, குழந்தையிடம் நாம் வாங்கும் கைமாற்று. அர்த்தம் புரியாமலே, நம்மை நம்பி, மனதில் இடம் கொடுக்கிறது அது. பிற்பாடு அர்த்தம் சொல்வதும், ‘இது சரியா?’ என்று அது கேட்கும்போது முகம் சுளிக்காமல் பதில் சொல்வதும் நாம் திருப்பித் தர வேண்டிய பாக்கி. பத்திரம் எழுதாத கடன் என்பதால் ஏமாற்றுவது சுலபம். பாட்டோடு பீரியடும் முடிந்தது, கணக்கும் முடிந்தது என்று போய்விடலாம். கேட்க யார் இருக்கிறார்கள்?

இன்று மாலை உங்கள் பிள்ளை ஏதாவது பாடினால், தாராளமாகக் கைதட்டுங்கள். தட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, “இதுல உனக்குப் புரியாதது எது கண்ணு?” என்று கேட்டுப்பாருங்கள்.

வரிசையாகச் சொல்லும். நம் பாக்கி எவ்வளவு என்பது அப்போது தெரியும்!