கூலி வேண்டாம் என்றவர்கள்

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தின் செங்கன்னூர் மூழ்கிக் கிடந்தபோது, விழிஞ்ஞம், பூந்துறைக் கரைகளிலிருந்து வள்ளங்கள் லாரியேறிப் போயின. மதில்களிலும் மரங்களிலும் இடித்துப் பல வள்ளங்களின் அடி உடைந்தது. கேரளம் முழுக்க சுமார் 4,500 மீனவர்கள் 65,000 பேரை மீட்டார்கள் என்பது அரசுக் கணக்கு. வள்ளம் ஒன்றுக்கு நாளுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அன்றைய முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலியா என்று கேட்டு, மீனவர்கள் பலர் அந்தப் பணத்தை மறுத்துவிட்டார்கள்.

நான்கு ஆண்டு கழித்து, 2022 ஆகஸ்டில், அதே கரைமக்கள் விழிஞ்ஞம் துறைமுக வாசலில் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். நூறு நாட்களுக்கு மேல் நீடித்தது. கடலரிப்பில் வீடிழந்தவர்களுக்கு மறுவாழ்வு, மண்ணெண்ணெய் மானியம் என்று பல கோரிக்கைகள். அவற்றில் ஒன்று என்னை நிறுத்தியது: வானிலை எச்சரிக்கையால் தொழிலுக்குப் போக முடியாத நாட்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வேண்டும்.

அன்று வேண்டாம் என்றவர்கள் இன்று கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். முன்னது அவர்கள் மனசாட்சிக்குள் எடுத்த முடிவு. அதைக் கட்டளையிட எந்தச் சட்டத்துக்கும் உரிமை இல்லை. பின்னது, சேர்ந்து வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் கடைப்பிடித்தாக வேண்டிய நெறி. கடலுக்குப் போகாதே என்று தடுக்கும் அரசு, அன்றைக்கு அந்த வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்றும் யோசிக்கத்தான் வேண்டும். ஒருவருடைய பெருந்தன்மையைக் காட்டி இன்னொருவர் தன் கடமையைக் குறைத்துக்கொள்வது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

வெள்ளத்துக்கு ஒன்பது மாதம் முன்புதான், 2017 நவம்பர் 30-இல், ஒக்கிப் புயல் இந்தக் கரையையும் குமரிக் கரையையும் சூறையாடியிருந்தது. எச்சரிக்கை தாமதமாக வந்தது, தேடுதல் போதவில்லை என்று மீனவர்கள் குமுறினார்கள். காணாமல் போனவர்களைத் தேடித் தாங்களே வள்ளம் இறக்கினார்கள். விழிஞ்ஞத்துக்கு வந்த முதல்வரைக் கோபத்தோடு சூழ்ந்துகொண்டார்கள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள்தான் முன்பின் தெரியாத ஊர்க்காரர்களுக்காக லாரியேறினார்கள். எந்த விதி அவர்களை அனுப்பியது?

அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று முதல்வர் புகழ்ந்தார், பொருத்தமான புகழ்தான். ஆனால் நேரத்துக்கு எச்சரிக்கை, கடலில் தவித்தால் உடனே மீட்பு, கரையில் நிலைக்கும் ஒரு வீடு, தொழில் முடங்கும் நாளுக்குக் கூலி ஆகியவை புகழுக்கு ஈடாகக் கழித்துக்கொள்ளக்கூடிய கணக்கல்ல. போராட்டம் வரை அவர்களைக் காக்க வைத்தது தவறு.