ஒரே யோசனை, இரண்டு நகல்கள்

ஒரே போட்டியாளரை ஃபேஸ்புக் இரண்டு முறை நகலெடுத்தது. பார்த்ததும் மறைந்துவிடும் படங்களை அனுப்ப உதவும் ஸ்னாப்சாட், இளைஞர்களிடையே பரவியதும், 2012 டிசம்பரில் ஃபேஸ்புக் 'போக்' என்ற தனிச் செயலியை அவசர அவசரமாக வெளியிட்டது. சீந்துவாரில்லை; 2014-இல் கைவிட்டார்கள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

2016 ஆகஸ்டில் அடுத்த முயற்சி. ஸ்னாப்சாட்டின், 24 மணி நேரத்தில் மறையும் 'ஸ்டோரீஸ்' வசதியைப் பெயரைக்கூட மாற்றாமல் தன் இன்ஸ்டாகிராமில் சேர்த்தது. பெருமையெல்லாம் ஸ்னாப்சாட்டுக்கே என்று இன்ஸ்டாகிராமின் தலைவராக இருந்த கெவின் சிஸ்ட்ரோமே ஒப்புக்கொண்டார். எட்டே மாதங்களில் தினமும் 20 கோடிப் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். அசல் பின்தங்கிவிட்டது.

வித்தியாசம் எங்கே? நண்பர்களும் இன்னொரு செயலியை இறக்கிக்கொண்டால்தான் 'போக்'கில் வேலை நடக்கும். ஸ்டோரீஸோ, மக்கள் வழக்கமாகத் திறக்கும் திரையின் உச்சியில், அவர்கள் ஏற்கெனவே பின்தொடர்பவர்களின் முகங்களை வட்ட வட்டமாக வரிசைப்படுத்தி வைத்தது.

அடுத்தவர் யோசனையை எடுத்துக்கொள்வது எளிது. அதை நம்மிடம் எந்த இடத்தில் வைத்தால் பலன் தரும் என்பதை மட்டும் யாரிடமிருந்தும் நகலெடுக்க முடியாது.