அந்தப் பிள்ளை எங்கே போனாள்?

கதை எழுதுகிறவனிடம் வாசகர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் பழகிப்போனவை. எப்போது எழுதுவீர்கள், யாரைப் படித்தீர்கள், இது நடந்த கதையா என்பவற்றுக்கெல்லாம் யோசிக்காமலே பதில் வரும். 'பிறகு அவள் என்ன ஆனாள்?' என்ற கேள்விக்கு மட்டும் எனக்கு இன்னும் பதில் பழகவில்லை.

1980களில் கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களுக்கு விடியுமுன்பே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்துவிடும். அரைத்தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கும். அப்படி ஒரு வண்டியில் ஏறிய பன்னிரண்டு வயதுப் பெண், ஓடைப்பாலத்துப் பக்கம் வண்டி நின்றபோது யாருக்கும் தெரியாமல் இறங்கிவிடுகிறாள். என் சிறுகதை அந்த இடத்தில் முடிகிறது. அவள் எங்கே போனாள் என்பது எனக்குத் தெரியும். அதை நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறவர் முன்னால், பதிலை வைத்துக்கொண்டே வாயை மூடி நிற்கிறேன்.

சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றும். இந்த இடத்தில் பெருமாள்முருகனை நினைத்துக்கொள்வேன். 2010இல் வந்த 'மாதொருபாகன்', அதன் நாயகன் காளி என்ன ஆனான் என்று சொல்லாமலே முடிந்தது. 2014இல் அதன் தொடர்ச்சியாக 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என்று இரண்டு நாவல்களை அவர் கொண்டுவந்தார். ஒன்றில் காளி செத்துப்போகிறான். மற்றதில் பிழைத்துக்கொள்கிறான். ஒரே கேள்விக்கு இரண்டு பதில், இரண்டுமே முழுசான வாழ்க்கை. நடுவில் இருந்த நாலு வருஷத்தில் ஏதோ ஒரு கூட்டத்தில் 'காளி இறந்துவிட்டான்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், 'அர்த்தநாரி'யை எழுத அவருக்குக் கை வந்திருக்குமா? சந்தேகம்தான். வாயால் சொன்னது எழுதுகிறவனையே கட்டிப்போட்டுவிடும். என் மனசுக்குள் இருக்கும் முடிவும் எழுதும்போது திரும்பிக்கொள்ளலாம். அந்த வழியை நானே அடைக்கக்கூடாது.

அதற்காக 'புத்தகம் வரும், பொறுத்திருங்கள்' என்று சொல்லவும் எனக்கு மனம் ஒப்புவதில்லை. கேட்டவரைக் கீழே உட்காரவைத்துப் பேசுகிற பேச்சு அது. போக, வருமென்று யார் கண்டது? புரட்டாசியில் மானாவாரிப் பருத்தி விதைக்கிறவன், இத்தனை குவிண்டால் தருகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

எங்கள் வட்டாரத்தில் கதை கேட்கிறவர்கள் 'உம்' கொட்டவேண்டும். 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும். நடுவில் 'பெறகு அந்த ராசா என்ன ஆனான்?' என்று அவசரப்பட்டால், 'பொறு, கதை அங்கதான் போகுது' என்பார்கள். அது சரியான பதில்தான். அன்று ராத்திரிக்குள் கதை அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நாவலுக்கு அந்த வசதி இல்லை. இடைசெவல் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976இல் வந்தது. அந்த ஜனங்களின் அடுத்த தலைமுறைகளைப் பார்க்க, 'கோபல்லபுரத்து மக்கள்' வரும்வரை வாசகர்கள் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிந்திய காலத்துக்கு 'அந்தமான் நாயக்கர்' வரவேண்டியிருந்தது. நூறை எட்டும் வயதில் அவர் கொடுத்த புத்தகத்தின் பெயர் 'மிச்சக் கதைகள்'. அது வந்த 2021லேயே மே மாதம் அவர் காலமானார்.

எந்தப் புத்தகமும் பதில் சொல்லப்போகாத கேள்விகளும் உண்டு. பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. கொலை செய்த சிறுவன் சிதம்பரமும் அவன் தகப்பனும் ஓடி ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் அந்த நாவல். கோர்ட்டை நோக்கிப் போகிறார்கள், முடிந்துவிடுகிறது. அந்தப் பையனுக்கு என்ன தண்டனை என்று நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை படித்தாலும் அந்த நினைப்பு விடாமல் கூடவே வருகிறது. அது தீராமல் இருப்பதுதான் அந்த நாவலின் பலம் என்று எனக்குப் படுகிறது. என் கதையின் கேள்வி அப்படிப்பட்டதில்லை. அதற்குப் பதில் உண்டு, இன்னும் வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

இப்படியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒரு ஆச்சி கலைத்துவிட்டார். நாலாட்டின்புதூர்ப் பக்கத்து ஊர்க்காரர். பேத்தி அந்தக் கதையை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். சின்ன வயதில் அவரும் அதே மாதிரி வண்டியில் போய்த் தீக்குச்சிக் கட்டை அடுக்கினவர். என்னைப் பார்க்கவேண்டுமென்று சொல்லியனுப்பியிருந்தார்.

"ஏய்யா, அந்தப் பிள்ள வீட்டுக்குத் திரும்பிருச்சா, இல்ல வேற எங்கயும் போயிருச்சா?"

"எழுதிக்கிட்டு இருக்கேன் ஆச்சி."

"நீ எழுதி முடிக்கிற வரைக்கும் நான் இருக்கணும்லா."

கல்லூரியில் படிக்கும் வாசகனுக்கும் இவருக்கும் ஒரே பதிலைச் சொல்வது நியாயமில்லை. அவனுக்குக் காலம் கிடக்கிறது. அவரோ தன்னைப் பற்றித்தான் கேட்கிறார். வண்டியிலிருந்து இறங்கிப் போய்விட நினைத்து, போகாமல் இருந்துவிட்ட ஒருத்தியின் கேள்வி அது. கல்கியின் ஞாபகம் வந்தது. 1954இல் 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, கதாபாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்விகளை எடுத்துக்கொண்டு முடிவுரையில் அவரே பதில் எழுதினார். அதே வருஷம் டிசம்பர் 5ஆம் தேதி இறந்துபோனார். இன்னொரு நாவலில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் விட்டிருந்தால் அந்தப் பதில்களும் நமக்கு இல்லை.

ஆச்சிக்கு நான் முடிவைச் சொல்லவில்லை. மறுபடி போகும்போது கையெழுத்துப் பிரதியை எடுத்துப்போய்த் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'உம்' வந்தது. பாலத்தை விட்டு அவள் நடக்கத் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டது.

"எந்த வழியாப் போறா?" என்று கேட்டார். நான் அதைப் பற்றி எழுதியிருக்கவில்லை. "ரோட்டு மேல போகமாட்டா. ஏசண்டு சைக்கிள்ல வருவான், கண்டுக்கிட்டான்னா வீட்டுல வாங்குன அட்வான்ஸ் துட்டக் கேட்டு நிப்பான். ஓடைக்குள்ள எறங்கித்தான் போயிருப்பா. வேலிக்கருவ முள்ளு கெடக்கும். செருப்பு உண்டுமா அவளுக்கு?"

அந்த ஏஜெண்டும் அட்வான்ஸும் செருப்பும் இப்போது நாவலில் இருக்கின்றன. முடிவை மட்டும் ஒரே வரியில் சொல்லி அனுப்பியிருந்தால் ஓடைக்குள் இறங்கும் அந்த வழி எனக்குக் கிடைத்திருக்காது. அவருக்கும் அந்த ஒரு வரிதான் மிஞ்சியிருக்கும்.

மற்றவர்கள் கேட்டால், எழுதிக்கொண்டிருக்கிறேன் என்ற உண்மையைச் சொல்கிறேன். வருமென்று வாக்குக் கொடுப்பதில்லை. அவள் எங்கே போயிருப்பாள் என்று நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை முழுசாகக் கேட்கிறேன். வயதானவர்களும் உடம்பு முடியாதவர்களும் கேட்டால் எழுதின மட்டும் வாசித்துக் காட்டுகிறேன்.

இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். கல்கி பாதியில் விட்டுப்போன 'அமரதாரா'வை, அவர் வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டுதான் மகள் ஆனந்தி எழுதி முடித்தார். நானும் மிச்ச அத்தியாயங்கள் போகும் போக்கை ஒரு நோட்டில் எழுதி, அது இருக்கும் இடத்தை வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நாவல் நின்றுபோனால் அந்த நோட்டை முதலில் ஆச்சி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறேன்.