தோற்றுப் பார், ஒரு விதைநெல்கூடப் போகாது!

வானம் ஏமாற்றிவிட்டது என்கிறாயா?

இன்னும் எத்தனை வருடம் இதையே சொல்லிக்கொண்டிருப்பாய்?

ஜூன் 12 என்றால் மேட்டூர் திறக்கும் என்று நம்பிக் குறுவைக்குக் காத்திருந்த டெல்டா இது. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம், ஒருமுறைகூட அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை! தண்ணீர் வரும் நாள் நிச்சயமில்லை. மழை பெய்யும் விதம் மாறிவிட்டது. நீ ஏன் இன்னும் பழைய தேதியிலேயே நிற்கிறாய்?

பயம்!

பட்டத்தைப் பத்து நாள் நகர்த்தப் பயம். புது ரகம் போடப் பயம். தப்பினால் ஒரு போகமே போய்விடுமே என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது, மறுக்க மாட்டேன். நகையை அடகு வைத்துச் சாகுபடி செய்கிறவர் வயலில் எப்படிப் பரீட்சை வைப்பார்?

ஆனால் கைக்காசு போகாமல் தோற்றுப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அதன் பெயர் பயிர் மாதிரி. கணினிக்குள் பயிர் செய்யும் வித்தை!

'டிசாட்' என்று ஒரு மென்பொருள். நெல், சோளம், நிலக்கடலை என்று நாற்பதுக்கும் மேற்பட்ட பயிர்கள் அதில் உண்டு. இலவசம்! உன் மண், உன் ரகம், நட்ட தேதி, தினசரி வெயில், பகல் வெப்பம், இரவு வெப்பம், மழை. இவ்வளவும் கொடு. என்றைக்குப் பூக்கும், எவ்வளவு மகசூல் வரும் என்று நாள் நாளாகக் கணக்குப் போட்டுக் காட்டும். 2050-க்கான பருவநிலைக் கணிப்பைச் சேர்த்தால், உன் பிள்ளை காலத்துச் சம்பாவையும் இன்றே ஓட்டிப் பார்க்கலாம்.

எதற்கு இந்தப் பாடு என்கிறாயா?

நெற்பூ காலையில் திறக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மணி பிடிக்காது. கதிர் விறைப்பாக நிற்கும். விரலால் நசுக்கிப் பார், பால் வராது. பதர்!

உரம் பற்றவில்லை என்று கடைக்கு ஓடினாயே, பூத்த தேதியைப் பார்த்தாயா?

இரவையும் கவனி. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் கோடைப் போகத்தைக் கணக்கெடுத்தார்கள். இரவு வெப்பம் 1 டிகிரி ஏறினால் மகசூல் 10 சதவீதம் குறைகிறது என்று 2004-ல் எழுதினார்கள். இது உன் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம். கணக்குக்குத் தெரியும்!

வெள்ளமா? இரண்டு வாரம் மூழ்கினாலும் மீண்டு எழும் சி.ஆர். 1009 சப்1 என்ற நெல் ரகம் இருக்கிறது. உன் பயிர் எத்தனை நாள் வயதில் தண்ணீருக்குள் போகும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் ரகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பாய்?

"எனக்கு கம்ப்யூட்டர் தெரியாதே!"

நிறுத்து! கம்ப்யூட்டருக்கு உன் வயல் தெரியாது. அதற்கு என்ன சொல்கிறாய்?

உலகப் பருவநிலை மாதிரியில் ஒரு கட்டம் என்பது பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அகலம். தஞ்சாவூரும் நாகப்பட்டினமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம்! கடைமடை எது, களர் எது, எந்த மடையில் தண்ணீர் வடியாது என்று அதற்கு யார் சொல்வது? நீதான்!

மாதிரியும் தப்பும். நன்றாகவே தப்பும். கணினி சொன்ன பூக்கும் தேதியை வயலில் பூத்த தேதியோடு வைத்துப் பார்க்கிறார் விஞ்ஞானி. பிசகினால் எண்ணைத் திருத்துகிறார். மறுபடி பிசகும். மறுபடி திருத்துகிறார். அவருக்கு அதுதான் வேலை! நீ ஒரு போகம் போனதும் நிலத்தை விற்க ஆள் தேடுகிறாயே, நியாயமா?

ஒரு நோட்டு வாங்கு. விதைத்த தேதி, நட்ட தேதி, பாதிக் கதிர் பூத்த தேதி, அறுத்த தேதி, எத்தனை மூட்டை. அப்பாவிடம் கேள், பழைய வருடங்களையும் எழுது.

நோட்டோடு உன் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போ. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கேயும் எழுதிக் கேள். "சம்பாவைப் பதினைந்து நாள் முன்னால் விதைத்தால் என் வயலில் என்ன ஆகும்? ஓட்டிக் காட்டுங்கள்!"

அடுத்த வாரம் வா என்பார்களா? அடுத்த வாரமும் போ!