கை கொடுத்தவருக்கு என்ன பங்கு?

ஒரு கண்டுபிடிப்பு யாருடையது என்று கேட்டால், யோசித்தவருடையது என்போம். மற்றவர்கள் 'உதவினார்கள்'. இந்த 'உதவி' என்கிற சொல் ரொம்ப நாளாக என்னை உறுத்துகிறது.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். 1960களின் தொடக்கத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் அந்தச் சுரங்கத்துக்குள் கருவிகளை இறக்கி, காற்றுமண்டலத்தில் பிறந்து வரும் முயான் என்னும் துகள்கள் ஆழம் போகப் போக எப்படிக் குறைகின்றன என்று எண்ணினார்கள். மிக ஆழத்தில், வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அதுவே நல்ல செய்தியாகிவிட்டது. அப்படிப்பட்ட அமைதியில் ஏதாவது பதிவானால் அது நியூட்ரினோவின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். 1965இல், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டார்கள். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இன்னொரு குழு கண்டது.

கோலார் கட்டுரையில் 11 பெயர்கள். மேனன், ஸ்ரீகண்டன், நரசிம்மம், ஜப்பானின் மியாகே, இங்கிலாந்தின் வுல்ஃபெண்டேல் என்று போகிறது பட்டியல். அந்த ஆழத்தைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து போன தமிழர்கள், அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். அவர்கள் பெயர் எதுவும் அதில் இல்லை.

"கூலி கொடுத்தாச்சே, அப்புறம் என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். தங்கம் எடுக்கத்தானே தோண்டினார்கள், நியூட்ரினோவுக்காகவா? நியாயமான கேள்விதான். பெயர் சேர்ப்பதுதான் தீர்வு என்றும் நான் நினைக்கவில்லை. 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி வெளியான கட்டுரையில் 5,154 பேர் ஆசிரியர்கள். அவ்வளவு பெயர்கள் நிற்கிற இடத்தில், ஒரு பெயர் இருப்பதாலேயே ஒருவருக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட முடியாது.

நான் சிலிபின்காரன். இந்தக் கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் வளர்ந்தது, எங்கள் குடும்பம் ரப்பரால். மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியது. எந்த ரக மரம் எவ்வளவு பால் தருகிறது என்று அளந்து அளந்துதான் RRIM 600 — இல்லை, நம் நாக்கில் ஆர்ஆர்ஐஎம் 600 — மாதிரியான ரகங்கள் தேறின. அந்த அளவு எல்லாம் யாரோ விடியற்காலையில் வெட்டிய பால்தான். பாட்டி நாற்பது வருஷம் பால் வெட்டினார். பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பது அவர் விரலுக்குத் தெரியும். வாளியில் வந்த பாலைக் கிராணி எழுதிக்கொள்வார். எழுதியது எங்கே போகிறது என்று பாட்டியிடம் யாரும் சொன்னதில்லை. "நமக்கு எதுக்குய்யா அதெல்லாம்" என்பார். எதற்கு என்று கேட்கும் பழக்கத்தையே எடுத்துவிட்ட வேலை அது.

இப்போது மதுரைக்கு வருவோம். தேனி மலைக்குள் அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முன்மாதிரியாக, மதுரையில் சுமார் 85 டன் காந்த இரும்போடு ஒரு சிறிய கருவி செய்யப்பட்டது. பெரியது வந்திருந்தால் ஏறக்குறைய 50,000 டன். இரும்பு அடுக்குகளுக்கு நடுவே இருப்பவை கண்ணாடி டிடெக்டர்கள்: இரண்டு கண்ணாடித் தட்டு, நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் வாயு, குறுக்கே சுமார் 10,000 வோல்ட். துகள் கடந்தால் சின்னதாக ஒரு மின்துடிப்பு. இந்த மாதிரி வேலையில் மாணவர்கள் வாயுக் கசிவு பார்ப்பார்கள். பிறகு மேலேயும் கீழேயும் வேறு டிடெக்டர் வைத்து, இரண்டையும் கடந்த முயான்களில் எத்தனையை நடுவிலிருப்பது பிடிக்கிறது என்று எண்ணுவார்கள். முயானுக்குப் பஞ்சமில்லை. தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்று விழுகிறது.

பசை தடவுவதும் கசிவு பார்ப்பதும் கைவேலைதான். பாட்டியின் வேலையைவிட உயர்ந்தது என்று சொல்ல முடியாது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த மாணவி, "ஏன் 2 மில்லிமீட்டர்?" என்று கேட்கலாம். கசிவு கண்டால், "இது ஆகாது" என்று தட்டைத் தள்ளி வைக்கலாம். அவள் சொல்லுக்காக வேலை நிற்கும். பங்கு என்று நான் சொல்வது இதைத்தான்: செய்வதன் காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை, சரியில்லை என்றால் நிறுத்தும் உரிமை.

மாணவர் என்பதாலேயே இது கிடைத்துவிடாது. ஆறு மாதம் பற்றவைக்கச் சொல்லிவிட்டு, கேள்வி கேட்டால் முறைக்கிற ஆய்வகங்களும் உண்டு. சிலிபின் பட்டறைகளிலும் இரண்டு வகை முதலாளிகளைப் பார்க்கலாம். ஒருவர் பையனை ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க மட்டும் வைத்திருப்பார். இன்னொருவர், "என்ஜின் சத்தத்தக் கேளு, என்ன தப்புன்னு சொல்லு" என்பார்.

தேனித் திட்டத்தை அந்தப் பகுதி மக்கள் எதிர்த்தார்கள். எதிர்ப்பில் சொல்லப்பட்ட சில அச்சங்கள் அறிவியலுக்குப் பொருந்தாதவை என்றே நினைக்கிறேன். நியூட்ரினோ நம்மை எப்போதும் கடந்துகொண்டுதான் இருக்கிறது, யாரையும் ஒன்றும் செய்வதில்லை. ஆனாலும் அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக "உனக்கு எதுக்கு அது" என்று கேட்டே வளர்ந்த ஜனம், ஒருநாள் திடீரென்று விளக்க வந்தவரை எப்படி நம்பும்?